சித்திரை வெயிலில் ஒரு நடுக்கம்



கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தைச் சித்திரை மாதத்தில் கண்டவர்கள் அக்காட்சியை மறக்கமாட்டார்கள். பருத்தி எடுத்து முடிந்த காடுகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் ஒரு சிறுவன் தன் கையை முழங்கை வரையில் விடலாம். நண்பகலில் வெறுங்காலோடு வண்டிப்பாதையைக் கடப்பவன் நடந்து கடக்க மாட்டான்; ஓடித்தான் கடப்பான். இத்தகைய வெயிற்காலத்தில், 1969-ஆம் ஆண்டில், ஒருவர் குளிரினால் பல்லோடு பல் மோத நடுங்கியதை நான் நேரில் கண்டேன். அவர் என் அத்தை. அப்போது எனக்கு வயது ஒன்பது.

அத்தைக்கு அடிவயிற்றில் கட்டி. நகரத்து மருத்துவமனை ஒன்றில் அதனை அறுத்து அகற்றினார்கள். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செய்து, அறுவை முடிந்தபின் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். சற்று நேரத்தில் அவர் உடல் உதறத் தொடங்கிற்று. இரும்புக் கட்டிலின் கால்கள் தரையில் தடதடவென்று ஒலித்தன. "ஏய்யா, குளிருதுய்யா, எதையாவது எடுத்துப் போத்துங்கய்யா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சுற்றி நின்றவர்களில் சிலர், "இந்த வெயிலிலா குளிர்?" என்று நகைத்தனர். சிலர் ஜன்னி கண்டுவிட்டது என்று அஞ்சினர். பணியாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, "மருந்து தெளியும்போது இப்படித்தான் இருக்கும், தானே நின்றுவிடும்" என்று கூறிப் போய்விட்டார்.

என் தாயாருக்குச் சும்மா இருக்க மனம் வரவில்லை. எதிரே இருந்த தேநீர்க் கடையில் வெந்நீர் வாங்கி, ஒரு புட்டியில் ஊற்றி இறுக அடைத்து, துண்டில் சுற்றித் தம் மதினியின் கால்மாட்டில் வைத்தார். உதறலில் துண்டு விலகிவிட்டது. சூடான புட்டி குதிகாலைத் தொட்டபடியே கிடந்தது. உணர்வற்ற கால் அதனை அறியவில்லை. மாலையில் உணர்வு திரும்பியபோது குதிகாலின் தோல் வெந்து போயிருந்தது.

வயிற்றுப் புண் பத்து நாளில் ஆறிற்று. காற்புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. வயிற்றுத் தழும்பை ஒருவரும் கண்டதில்லை. குதிகால் தழும்பை ஊரே கண்டது. என் தாயார் அந்தத் தழும்பு கண்ணிற் படும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்த நடுக்கம் எதனால் வந்தது? அதனை ஏன் ஒருவரும் பொருட்படுத்தவில்லை? இவ்விரண்டு வினாக்களும் நெடுநாள் என் உள்ளத்தில் கிடந்தன. ஆசிரியப் பணியில் இருந்தபோதும், ஓய்வு பெற்ற பின்னும், கிடைத்த நூல்களில் விடை தேடினேன். அத்தேடலில் ஒரு வரலாறு எனக்குப் புலப்பட்டது. வலியை வென்ற மருத்துவம், நடுக்கத்தைக் கவனிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட வரலாறு அது. அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மயக்க மருந்து தோன்றுவதற்கு முன்னர் அறுவைச் சிகிச்சை என்பது கொடுமையாகவே இருந்தது. நோயாளியை நான்கு பேர் பிடித்துக்கொள்ள, மருத்துவர் எவ்வளவு விரைவாக அறுக்க இயலுமோ அவ்வளவு விரைவாக அறுத்து முடிப்பார். நம் நாட்டில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1845-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஹூக்ளி நகரில், கைகளால் உடலை வருடி நோயாளிகளை ஒருவகை அறிதுயிலில் ஆழ்த்தி அறுவை செய்து வந்தார். வலியில்லாமல் அறுக்க வேண்டும் என்ற ஏக்கம் அக்காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு அது சான்று.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அந்த ஏக்கம் தீர்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளியை ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்ற முதிய அறுவை மருத்துவர் அவருடைய கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை. அச்செய்தி கப்பலேறி உலகெங்கும் பரவிற்று. ஐந்தே மாதங்களில், 1847 மார்ச்சு 22-ஆம் நாள், கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈதர் கொடுத்து அறுவை நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபாம் என்னும் மருந்தை வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். 1848 சனவரியில் அதுவும் கல்கத்தாவை வந்தடைந்தது. நீராவிக் கப்பல் காலத்தில் இஃது எத்துணை விரைவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

வலி போயிற்று. ஆனால் புதியதோர் அச்சம் வந்தது. குளோரோஃபாம் பெற்றவர்களுள் சிலர் மேசையின்மீதே திடீரென்று இறந்தனர். மூச்சு நின்று இறக்கிறார்களா, இதயம் நின்று இறக்கிறார்களா என்று பெரும் வாதம் எழுந்தது. அவ்வாதத்தின் ஒரு பெரிய அரங்கு நம் ஹைதராபாத்திலேயே அமைந்தது. எட்வர்டு லாரி என்ற மருத்துவர், நிஜாம் அரசின் பொருளுதவியோடு, 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோஃபாம் ஆய்வுக் குழுக்களை நடத்தினார். இரண்டாவது குழுவிற்கு இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். மூச்சைக் கவனித்தால் போதும், குளோரோஃபாம் இதயத்தை நேராகத் தாக்காது என்பது அக்குழுவின் முடிவு. அம்முடிவு பிழையென்பதை, குளோரோஃபாம் இதயத்துடிப்பைக் குலைத்து நிறுத்தவல்லது என்று 1911-இல் லெவி என்ற ஆங்கிலேய மருத்துவர் விலங்குகளில் செய்து காட்டிய சோதனை மெய்ப்பித்தது. ஹைதராபாத்தில் அக்காலத்தே மயக்க மருந்து கொடுக்கும் பணியில் தேர்ந்தவர்களுள் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற இந்தியப் பெண்மணியும் ஒருவர். உலகின் முதற் பெண் மயக்க மருந்து மருத்துவர் என்று அவரைச் சிறப்பிப்பர்.

இந்த வாதத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. மூச்சு, நாடி என்னும் இரண்டையே எல்லோரும் காத்து நின்றனர். அஃது இயல்பே, உயிர் போகும் வழி அவை. ஆனால் மேசையின்மீது கிடந்த உடல் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்தது. அதனை அளந்து பார்க்க வேண்டும் என்று பெரும்பாலோர்க்குத் தோன்றவில்லை.

அளக்கும் கருவி இல்லாமலா என்றால், இருந்தது. தாமஸ் கிளிஃபோர்டு ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1860-களிலேயே சட்டைப் பையில் வைக்கத்தக்க சிறிய வெப்பமானியை அமைத்துவிட்டார். அதற்கு முன்பிருந்த கருவி ஏறத்தாழ ஓரடி நீளம். அளவு காட்ட இருபது நிமிடம் ஆகும். ஆல்பட்டின் கருவிக்கு ஐந்து நிமிடம் போதும். ஆயினும் அக்கருவி காய்ச்சலுக்காகப் பிறந்தது. உங்கள் வீட்டில் பழைய பாதரச வெப்பமானி இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் கோடுகள் 35 டிகிரி செல்சியஸில் தொடங்கி 42-இல் முடியும். உடல் வெப்பம் ஏறினால் அது காட்டும். 35-க்குக் கீழே இறங்கினால் காட்டாது. ஏறுவதே நோய், இறங்குவது கவலைக்குரியதன்று என்ற எண்ணம் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது!

இனி அத்தையின் முதுகில் போட்ட ஊசிக்கு வருவோம். கோகா என்னும் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் கொக்கெயின் என்ற பொருளைக் கண்ணில் சொட்டினால் கண் உணர்விழக்கிறது என்பதை 1884-இல் வியன்னா நகரத்துக் கார்ல் கோலர் கண்டறிந்தார். ஆளை மயக்காமல் உறுப்பை மட்டும் மரக்கச் செய்யும் வழி அன்று திறந்தது. 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் என்ற அறுவை மருத்துவர் அம்மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்தி, இடுப்புக்குக் கீழே முழுவதும் உணர்வு நீங்கச் செய்தார். தாமும் தம் உதவியாளர் ஹில்டெபிராண்டும் இச்சோதனைக்கு உட்படலாம் எனத் துணிந்தார். உதவியாளருக்கு ஊசி போட்டபின் அவர் காலைக் கிள்ளினார். முழந்தாளின் கீழ் எலும்பில் சுத்தியலால் அடித்தார். எரியும் சுருட்டினால் சுட்டார். அவருக்கு வலி தோன்றவில்லை. மறுநாள் இருவரும் பொறுக்கவொண்ணாத் தலைவலியால் வருந்தினர் என்பது வரலாறு.

இந்நிகழ்ச்சியை நூலில் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எரியும் சுருட்டையே அறியாத காலுக்கு வெந்நீர்ப் புட்டியை எவ்வாறு அறிய முடியும்? கீல் நகரத்து மருத்துவர்கள் 1898-இல் அறிந்த அந்த உண்மையை, 1969-இல் அந்தக் கட்டிலருகே நின்ற என் தாயாருக்கு ஒரு வாய்ச் சொல்லாக எடுத்துச் சொல்ல ஆளில்லை. அறிவு பிறப்பது ஒன்று. அது வேண்டிய இடத்தை வந்தடைவது வேறொன்று.

நம் பகுதியின் நிலையையும் கருதிப் பார்த்தல் வேண்டும். மயக்க மருந்தியல் இந்தியாவில் தனித்துறையாக வளர்ந்ததே இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். அத்துறையினரின் இந்தியச் சங்கம் 1947-இல் தோன்றிற்று. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. அத்தைக்கு அறுவை நடந்த ஆண்டில் அதற்கு நான்கே வயது. தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் கரிசற்காட்டுப் பெண்ணொருத்திக்கு மகப்பேறு கடினமானால், வண்டி கட்டிக்கொண்டு போவதற்குள் பல வேளைகளில் எல்லாம் முடிந்துவிடும். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த கோ. வேங்கடசாமி, தம் உறவுப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். கொடிய மூட்டுவாதம் விரல்களை முடக்கியதால் கண் மருத்துவத்திற்குத் திரும்பினார். 1976-இல் மதுரையில் அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை இன்று உலகம் அறியும். அவர் சிறுவனாக இருந்த காலத்திற்கும் இன்றைக்கும் எவ்வளவு தொலைவு! இன்று கோவில்பட்டி போன்ற ஊரிலேயே, முதுகில் ஊசி போட்டு, வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்து, தாயையும் சேயையும் காக்கிறார்கள். ஆனால் அவ்வாறு ஊசி பெறும் தாய்மாரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நடுங்குகிறார்கள் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆகவே இது பழங்கதையன்று.

முழு மயக்கத்திலும் இந்நடுக்கம் உண்டு. 1934-இல் தயோபென்டோன் என்ற ஊசி மருந்தும், 1956-இல் ஹாலோத்தேன் என்ற ஆவி மருந்தும் வழக்கிற்கு வந்தன. ஹாலோத்தேன் ஈதரைப் போல் தீப்பற்றாது, பயன் மிக்கது. ஆனால் மயக்கம் தெளியும்போது நோயாளிகள் உதறுவது மிகுதியாகக் காணப்பட்டது. மருத்துவர்கள் அதற்கு 'ஹாலோத்தேன் உதறல்' என்று பெயரே இட்டுவிட்டார்கள். பெயர் இட்டதும், அறிந்துவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுவது மனித இயல்பு. தானே வந்து தானே போகும் சிறு தொல்லை என்றே பலர் அதனைக் கருதினர். அதற்குள் அறுவைக் கூடங்களில் குளிர்சாதனமும் புகுந்தது. கனத்த அங்கிக்குள் வியர்த்து நிற்கும் மருத்துவருக்கு அது வரம். ஆடையின்றிக் கிடக்கும் நோயாளிக்கோ?

இனி, நடுக்கம் ஏன் வருகிறது என்பதைக் காண்போம். நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாயில் நீர் நிற்கிறது, கீழே ஆயக்கட்டு நிலம் காய்ந்து கிடக்கிறது, இடையில் மடை. மடையருகே நீர்ப்பாய்ச்சி காவல் இருக்கிறான். நம் உடலின் நடுப்பகுதி, அதாவது மூளையும் நெஞ்சும் வயிறும், அந்தக் கண்மாய். அங்கே வெப்பம் 37 டிகிரி அளவில் தேங்கி நிற்கிறது. கைகால்களும் தோலும் ஆயக்கட்டு. அங்கே வெப்பம் சில டிகிரி குறைவு. தோலின் இரத்தக் குழாய்களே மடைகள். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலமஸ் என்ற சிற்றுறுப்பு காவல் இருக்கிறது. கண்மாயின் மட்டம் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலே அது மடைகளை அடைத்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் தசைகளை ஆட்டி வெப்பம் உண்டாக்கும். அந்த ஆட்டமே நடுக்கம்.

மயக்க மருந்து அந்தக் காவலனை உறங்க வைக்கிறது. மட்டம் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை இறங்கினாலொழிய அவன் விழிப்பதில்லை. மருந்து மடைகளையும் திறந்துவிடுகிறது. நடுவிலிருந்த வெப்பம் கைகால்களுக்குப் பாய்கிறது. முதல் மணி நேரத்திலேயே நடு உடலின் வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இறங்கிவிடுகிறது. அதில் பெரும்பகுதி வெளியே போய்விட்ட வெப்பமன்று. உடலுக்குள்ளேயே இடம் மாறிய வெப்பம். அதன்மேல், திறந்த வயிறும், குளிர்ந்த காற்றும், நரம்பில் ஏறும் குளிர்ந்த நீர்மமும் சேர்கின்றன. அறையின் குளிர்ச்சியிலுள்ள ஒரு லிட்டர் நீர்மம் உடலின் சராசரி வெப்பத்தைக் கால் டிகிரி குறைக்கவல்லது. பின்னர் மருந்து தெளிகிறது. காவலன் திடுக்கிட்டு எழுகிறான். கண்மாய் வற்றியிருப்பதைக் காண்கிறான். உடனே உடல் முழுவதையும் உலுக்குகிறான். எங்கள் அத்தையைப் போல் முதுகில் ஊசி பெற்றவர்களுக்கு, கீழ்ப்பாதியின் மடைகள் அடைக்கவொண்ணாமல் திறந்தே கிடக்கும். கீழ்ப்பாதித் தசைகளும் உதறமாட்டா. மேற்பாதி மட்டுமே அந்தச் சுமை முழுவதையும் ஏற்று உதறும். வெளியே கரிசல் கொதித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே அத்தைக்கு உண்மையிலேயே குளிர்ந்தது. நகைத்தவர்களே அறியாதவர்கள்.

உதறுதலால் என்ன கேடு என்று கேட்கலாம். உதறும் தசை உயிர்வளியைத் தின்கிறது. உடலின் உயிர்வளித் தேவை இரு மடங்காகும். சில வேளைகளில் அதனினும் மிகும். இளைஞர் தாங்குவர். இதயம் தளர்ந்த முதியவருக்கு அது மலையேற்றும் வேலை. தைத்த புண் இழுபட்டு வலி பெருகும். நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கும் கருவிகள் பிழைபடும்.

நடுக்கத்தின் பின்னே நின்ற குளிர்ச்சியோ இன்னும் பொல்லாதது. 1990-களில் டேனியல் செஸ்லர் என்பவரும் அவருடைய தோழர்களும் இதனை முறையாக அளந்தார்கள். 1996-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பெருங்குடல் அறுவை பெற்ற 200 நோயாளிகள் இருந்தனர். ஒரு பகுதியினரை 36.6 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக வைத்திருந்தனர். மற்றவர்களின் வெப்பம் அந்நாளைய வழக்கப்படி 34.7 டிகிரிக்கு இறங்கிற்று. குளிர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்குப் புண் சீழ்ப்பிடித்தது. வெதுவெதுப்பாக இருந்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கே சீழ்ப்பிடித்தது. குளிர்ந்த தோலுக்கு இரத்தம் குறைகிறது. இரத்தம் குறைந்த இடத்தில் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. மறு ஆண்டில், 300 நோயாளிகளைக் கொண்ட வேறோர் ஆய்வு, குளிர்ந்தவர்களுக்கு இதயக் கோளாறுகளும் மிகுந்தன என்று காட்டிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அறிவியல் தன்னையே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. 2022-இல், சீனாவிலும் அமெரிக்காவிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பேராய்வு ஒன்றில், 35.5 டிகிரியில் வைத்தவர்களுக்கும் 37 டிகிரியில் வைத்தவர்களுக்கும் இதயத் தீங்கிலோ புண் சீழ்ப்பிடித்தலிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே சிறிதளவு குளிர்ச்சியைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. மிகவும் இறங்கவிடுவதே தீது என்று அறிகிறோம். ஆயினும் நடுங்கும் நோயாளியின் துன்பம் எந்தப் புள்ளிவிவரத்தாலும் குறைவதில்லை.

மருந்து உண்டா என்றால், உண்டு. 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் பெத்திடின் என்ற மருந்து பிறந்தது. குடலின் இசிவைத் தளர்த்தும் மருந்தைத் தேடியவர்கள், அதனைப் பெற்ற சுண்டெலியின் வால் அபின் உண்ட எலியின் வால்போல் விறைத்து வளைந்து நிற்பதைக் கண்டு, இது வலி போக்கும் மருந்து என்று உணர்ந்தனர். 1980-களில் அதே மருந்து சிறிய அளவில் கொடுத்தால் நடுக்கத்தை நிறுத்துகிறது, மற்ற வலி நீக்கிகளைவிட நன்றாக நிறுத்துகிறது என்று கண்டனர். பெத்திடின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது. உரிமமும் கணக்கும் பூட்டிய அலமாரியும் வேண்டும். ஆதலின் சிறிய ஊர்களில் அஃது எளிதிற் கிடைப்பதில்லை. அதன் இடத்தில் நம் நாட்டில் டிரமடோல் என்ற மருந்து பெரிதும் வழங்கலாயிற்று. 2018 ஏப்ரலில் அதுவும் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. இவற்றைக் கொடுப்பது மருத்துவரின் பணி. குமட்டல், மூச்சுத் தளர்வு போன்ற பக்கவிளைவுகளும் உண்டாதலின், அளவறிந்தே கொடுப்பர்.

மருந்தினும் சிறந்தது வருமுன் காத்தல். கண்மாய் உவமையை மீண்டும் நினையுங்கள். மடை திறப்பதற்கு முன்பே ஆயக்கட்டு நிலம் நனைந்திருந்தால், கண்மாயின் நீர் அவ்வளவாகக் குறையாது அன்றோ? அதுபோல, மயக்கம் கொடுப்பதற்கு முன்பே நோயாளியின் கைகால்களை வெதுவெதுப்பாக்கிவிட்டால், நடு உடலின் வெப்பம் அவ்வளவாக இறங்காது. அரைமணி நேரம் வெப்பக் காற்று ஊதும் போர்வையை மூடினாலே பயன் உண்டு. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2008-இல் இதனை நெறியாகவே வகுத்தது: நோயாளியின் வெப்பத்தை அறுவைக்கு முன்னும், இடையிலும், பின்னும் அளக்க வேண்டும்; 36 டிகிரிக்குக் கீழே இருந்தால் அவசரமில்லாத அறுவையைத் தொடங்கலாகாது. ஈதர் வந்து நூற்று அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு போர்வை விதியாயிற்று!

2019-ஆம் ஆண்டு சித்திரையில், சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, குடலிறக்கத்திற்காக நானே முதுகில் ஊசி பெற்றேன். கூடத்திற்குள் கொண்டுபோகும் முன்னரே செவிலியர் ஒருவர் என்மீது கனத்த போர்வையைப் போர்த்தினார். வெளியே வெயில் நூறு பாகைக்கு மேல். நான் வியப்போடு பார்த்ததைக் கண்டு, "ஐயா, குளிருச்சுன்னா உடனே சொல்லுங்க, பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றார். அறுவை முடிந்து கட்டிலுக்கு வந்தபின் தோள்கள் சற்றே நடுங்கின. சொன்னேன். உடனே வெப்பம் அளந்தார். மருத்துவரிடம் கேட்டு ஓர் ஊசி போட்டார். இன்னொரு போர்வையும் போர்த்தினார். கால்மணி நேரத்தில் நடுக்கம் அடங்கிற்று. என் மனைவி வீட்டிலிருந்து வெந்நீர்ப் பையும் காப்பியும் கொண்டுவந்திருந்தார். செவிலியர் இரண்டையும் மெல்ல வாங்கி அப்புறம் வைத்தார். "அம்மா, ஐயாவுக்குக் கால்ல உணர்ச்சி இன்னும் வரல, சுட்டாலும் தெரியாது. காப்பி இப்பக் குடிச்சா வாந்தி வந்து புரையேறிரும். நாங்க சொன்ன பிறகு குடுங்க" என்றார். அரை நிமிடப் பேச்சு. என் தாயாருக்கு அந்த அரை நிமிடம் கிடைத்திருந்தால்!

மாணவர்களே, உங்களில் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் செவிலியராவீர்கள். எல்லோரும் என்றேனும் ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்பீர்கள். அறுவை முடிந்தவர் குளிர்கிறது என்றால் நகைக்காதீர்கள்; ஜன்னி என்று அலறவும் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். உலர்ந்த போர்வையைத் தோள் மூடப் போர்த்துங்கள். செவிலியரை அழையுங்கள். உணர்வு திரும்பாத காலின் அருகே வெந்நீர்ப் புட்டியையோ, சூடான செங்கல்லையோ, மணல் முடிப்பையோ கொண்டுசெல்லாதீர்கள். அவர்கள் சொல்லும்வரை வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள்.

வரலாற்றைப் படிப்போர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பாஸ்டன் நகரத்து அக்டோபர் நாளைப் பற்றி எல்லா நூல்களும் பேசும், அது பெருவெற்றி. ஆனால் குளிர்கிறது என்ற எளிய சொல்லை ஒருவர் மதித்துக் கேட்டு, அதனை அளந்து பார்த்த நாளுக்குப் பெயருமில்லை, தேதியுமில்லை. சிறு தொல்லை என்று ஒதுக்கிய அந்த நடுக்கத்தைத் தொடர்ந்து சென்றபோதுதான், புண் சீழ்ப்பிடிப்பதற்கும் இதயம் தளர்வதற்குமான காரணங்களில் ஒன்று வெளிப்பட்டது. நோயாளியின் முறையீடு சிறிதாயினும் அது செய்தியாகும்.

அத்தை மறைந்து பல ஆண்டுகள் ஆயின. அன்று கட்டிலருகே நின்ற ஒன்பது வயதுச் சிறுவன் செய்யக்கூடியது ஒன்று இருந்தது: தோளில் ஒரு போர்வையைப் போர்த்துவது. அவர் கேட்டதும் அதைத்தான்.